ரேணுகாவின் சடை

நுனியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், வேரிலிருந்து இல்லை என்று கீழ்வீட்டு பார்லர் ஸ்டெல்லா நேற்றே மூன்று தரம் சொன்னாள். ஆனால் இதில் நுனி எது, வேர் எது? என் தங்கை ரேணுகாவின் முதுகில் தொங்குவதைத் தலைமுடி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த தேங்காய் மட்டை மாதிரி ஒரே பாளமாக, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, கீழே போகப் போகக் கனத்து, அவள் தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே கட்டையாகத் திரும்புகிறது. மணி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மெடிக்கல் ஷாப்பில் லீவு. குளியலறை வாசலில் அவளை மணையில் உட்கார வைத்து, பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஸ்டெல்லா கொடுத்த கண்டிஷனர் பாட்டில், நான் அரைத்து வைத்த செம்பருத்தி இலை விழுது, பெரிய பல் சீப்பு, வால் வைத்த சீப்பு, பத்துப் பன்னிரண்டு கிளிப். ஷாம்பு கூடாது, ஷாம்பு போட்டால் இன்னும் இறுகிவிடும். சுடுதண்ணி கூடாது. சீப்பைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும், முதலில் விரல். பாளத்தின் ஓரத்தில் வழுவழுப்பைத் தடவி ஊறவிட்டு, ஓரத்து முடி ஒன்றிரண்டைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பிரிக்க வேண்டும், கம்பளியிலிருந்து நூலை உருவுவது போல. தலையோடு சேரும் இடத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு வலிக்காது. இடது காதுக்குப் பின்னால் ஆரம்பித்திருக்கிறேன். முதல் இழை வெளியே வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்ததும் அது ஒரு ஸ்பிரிங் போலச் சுருண்டு என் விரலைச் சுற்றிக்கொண்டது. இத்தனை மாசம் கழித்தும் அது சுருட்டை முடியாகவே இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

வலிக்குதா என்று கேட்டேன். நேற்று மதியம் இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் பேசியது ஒரே ஒரு வார்த்தை. கீழே பார்லர் வைத்திருக்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் பாளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எடுக்க முடியாது சுகந்தி, எடுத்தாலும் ரெண்டு நாளாகும், பேசாம மொட்டை அடிச்சிரு, ஆறு மாசத்துல வளந்துரும்" என்றாள். அப்போதுதான் ரேணுகா, சுவரைப் பார்த்தபடியே, "வெட்டாதே" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இந்தப் பாளத்தை அவளே வைத்துக்கொள்ள விரும்புகிறாளோ, அதில் ஏதோ இருக்கிறது என்று அவளும் நம்புகிறாளோ, அப்படியானால் நாளைக்கு டாக்டரிடம் என்னவென்று சொல்வது. ஸ்டெல்லா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கீழே போய்ப் பாட்டிலும் சீப்பும் எடுத்துவந்து கொடுத்தாள்.

சீப்பு என்றாலே எனக்கு அம்மா மில்லுக்குப் போகும் சத்தம்தான். முதல் ஷிப்டுக்கு அஞ்சு மணிக்கே கிளம்பிவிடுவாள், கதவை வெளியிலிருந்து சாத்தும்போது "தங்கச்சிக்குத் தலை சீவி விட்ரு" என்பாள், தினமும் அதையே, நான் மறந்துவிடுவேன் என்பதுபோல. எனக்குப் பதிமூன்று வயது, அவளுக்கு ஏழு. என் முடி எலிவால், இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். அவளுடையது அப்பா பக்கத்து முடி. அப்பா எங்களை விட்டுப் போனபோது விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்லுவாள், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். காய்ந்த முடியில், உச்சியிலிருந்து, சின்னப் பல் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பேன். சீப்பின் பல் உடையும். உடைந்தால் சீப்பின் முதுகால் அவள் மண்டையில் ஒரு அடி. சிக்கெடுக்கச் சிணுக்கோலி என்று ஒரு இரும்புக் குச்சி வைத்திருந்தோம், அதை நுழைத்து நெம்புவேன், தோலில் குத்தும். அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், அழமாட்டாள். அழாததுதான் எனக்கு எரிச்சல். அழுதால் நிறுத்தியிருப்பேன் என்று அப்போது நினைத்தேன், நிறுத்தியிருக்கமாட்டேன். இரட்டைச் சடை போட்டு ரிப்பனை இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் எனக்கு ஸ்கூல் பெல் அடித்துவிடும், வாசலில் நிற்க வைப்பார்கள், அந்தக் கோபமும் மறுநாள் அவள் தலையில்தான் இறங்கும். சுருட்டை முடியைக் காய்ந்திருக்கும்போது சீவவே கூடாதாம். ஈரத்தில், எண்ணெயோ வேறு எதுவோ தடவி, பிரித்துப் பிரித்து, நுனியிலிருந்து மேலே ஏற வேண்டுமாம். இதை நான் முந்தாநாள் ராத்திரி போனில் ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன், முப்பத்தைந்து வயதில். அந்த வீடியோவில் ஒரு பெண் தன் தலையைத் தானே சீவிக்கொண்டு சிரிக்கிறாள். வலியில்லாமல் சீவ முடியும் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டு இழை, மூன்று இழை, இப்போது ஒரு சின்னக் கொத்து. பிரிந்ததைக் கிளிப் போட்டு ஒதுக்கி வைக்கிறேன், திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது. கையோடு உருண்டை உருண்டையாக முடி வருகிறது. முதல் உருண்டையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் பிய்த்துவிட்டேனோ என்று. பயப்படாதே, தினமும் தலையில் நூறு முடி உதிரும், சீவினால் போய்விடும், சீவாவிட்டால் அதெல்லாம் உள்ளேயே கிடந்து நல்ல முடியைக் கட்டிப் போட்டுவிடும், அந்தச் செத்த முடிதான் உன் கையில் வரும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். தினமும் நூறு, பதினோரு மாசம். தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது, குங்குமம். எவ்வளவு தேய்த்தாலும் இன்னும் இன்னும் சிவப்பாகவே ஓடுகிறது. நடுவில் வேப்பிலைக் காம்புகள், கற்பூர வாடை, மல்லிகைப்பூ ஒன்று டீத்தூள் நிறத்தில். ஒரு மஞ்சள் நூல். அது யார் கட்டியது, எதற்காகக் கட்டியது, பிள்ளை வரமா, கோர்ட் கேஸா. அதைப் பிரிக்கும்போது ஒரு முடி பட்டென்று அறுந்தது, நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். டி.பார்ம் படித்தவள், பத்து வருஷமாகச் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், முடி அறுந்ததற்குக் கூரையைப் பார்த்தேன், ஏதாவது விழுமா என்று. பல்லிகூட இல்லை.

அம்மா இருந்திருந்தால் என்று நினைக்கக்கூடாது, அது எனக்குச் சௌகரியமான நினைப்பு. அம்மா இறந்துபோன நாலாம் மாசம் ரேணுகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஆடியில். தாய்வீடு என்று நான் ஒருத்திதான், இந்த வீடுதான். மூன்று மாசம் வைத்துப் பார்க்க வேண்டியது. இருபது நாள் பார்த்தேன். பத்தாம் நாளிலிருந்தே அவள் காரணமில்லாமல் அழுதாள், தூங்கவே மாட்டாள், குழந்தையை என்னிடம் நீட்டி, "இது என்னையே பாக்குதுக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்குத் தெரியும். தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு இப்படி வரும், அதற்கு டாக்டர் இருக்கிறார், எந்த மாத்திரை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். "எல்லாருக்கும் வர்றதுதான், தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றேன். கடையில் லீவு நீட்டித்துக் கேட்க எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை. வீடு முழுக்கப் பால் வாடை, அழுகை, தூக்கமில்லை. இருபத்தோராம் நாள் அவள் புருஷன் செல்லப்பாண்டி கார் வைத்து வந்து கூட்டிப்போனபோது கதவைச் சாத்திவிட்டு மத்தியானம் வரை தூங்கினேன். அப்புறம் போன் பண்ணினால் அவன், "நல்லா இருக்கா, தூங்கிட்டு இருக்கா." எப்போது கேட்டாலும் தூங்கிக்கொண்டிருந்தாள். மார்கழியில் ஒரு நாள் வேடசந்தூர் தாண்டி அந்த ஊருக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், முடி அப்போதே ஒரு பந்தாகியிருந்தது. "முடியைச் சீவுறதுக்கு என்னடி உனக்கு" என்று கேட்டேன். பதினோரு மாசத்தில் நான் கேட்ட பெரிய கேள்வி அது. அவள் மாமியார் பேச்சியம்மாள், "தலையைத் தொட விடமாட்டேங்குறா, கடிக்க வர்றா" என்றாள். நான்கு மணி பஸ்ஸை விட்டால் ஏழு மணிக்குத்தான் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த தரம் போனது மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை. அதை இப்போது நினைக்க வேண்டாம். விரலைப் பார், இந்த முடிச்சைப் பார், இடது கையை அழுத்திப் பிடி.

பதினொன்றரைக்கு ஸ்டெல்லா மேலே வந்து எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் வந்திருக்கிறாள், கையில் இன்னொரு பாட்டில். இடது பக்கம் காதிலிருந்து உச்சி வரை பிரிந்து, சுருள் சுருளாக ஈரத்தோடு தோளில் கிடப்பதைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு முடி, அறுக்காமலே எடுத்துட்டியே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் முதுகு என்னத்துக்கு ஆகும், மீதியாவது கத்திரிச்சு விட்டுறலாம்ல" என்று கேட்டாள். "வேண்டாங்குறா" என்றேன். அவள் பாளத்தின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்து, பிடரிப் பக்கம்தான் கஷ்டம், படுத்துப் படுத்து அங்கேதான் கல்லாக இறுகியிருக்கும், அங்கே வால் சீப்பின் முனையைப் படுக்கவைத்து நுழை, குத்தாதே, என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது ரேணுகாவின் தோளை லேசாகத் தட்டினாள், பார்லருக்கு வருகிற யாரையும் தட்டுவதுபோல. நேற்று பஸ்ஸில் வரும்போது ஒரு அம்மா எழுந்து இவளுக்கு இடம் கொடுத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் இந்தச் சடையைச் சொல்லித்தான் கூட்டிவந்தேன். டவுனில் அம்மன் கோயிலில் விசேஷ பூஜை, சடைக்காரி ஒருத்தி வந்து நின்றால் நல்லது என்று குருக்களே கேட்டார், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். பேச்சியம்மாளுக்குப் பெருமை, புதுச் சேலை கட்டி அனுப்பினாள். குழந்தையை மட்டும் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை ரேணுகா குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள், குழந்தை ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் பன்னிரண்டு மணிக்குப் போன் பண்ணினாள். கை வழுவழுப்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன், அது தப்பு, ரேணுகாவுக்கும் கேட்டிருக்கும். "நேத்து சாயங்காலமே கொண்டாந்து விடுறேன்னியே" என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரியில காட்டணும், டோக்கன் போட்டிருக்கேன்" என்றேன். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா" என்று கேட்டாள். "மனநல டாக்டர்" என்றேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "நீ படிச்சவ. ஆனா ஊருக்குள்ள நான் இருக்கேன், நீ இல்ல. பைத்தியம்னா அவளை என் வீட்ல வச்சிருக்க விட்டுருப்பாய்ங்களா? கல்லெடுத்து எறிவாய்ங்க. பிள்ளைக்கு நாளைக்குப் பொண்ணு பாக்க எவன் வருவான்? பேரே ரேணுகான்னு ஆத்தா பேரா இருந்துச்சு, சடையும் விழுந்துச்சு, சாமின்னு சொன்னேன். சாமின்னு சொன்னதுக்கப்புறம்தான் நாலு பேர் அவளுக்குச் சோறு ஊட்டுனாங்க. நீ ஊட்டுனியா?" ஸ்பீக்கரை அணைக்க நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பாண்டி பஸ் ஏறிட்டான், வந்துருவான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பின்னால் குழந்தை ஏதோ ஒரு எழுத்தையே சொல்லிச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தது கேட்டது. ரேணுகாவின் முதுகு விறைத்திருந்தது. வாளித் தண்ணீரை மாற்றுகிற சாக்கில் நான் எழுந்து உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். திட்டுவதற்குப் பதினோரு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் அவளிடம் செல்லுபடியாகவில்லை. பேச்சியம்மாளை நான் மனசுக்குள் எத்தனை தரம் சந்தி சிரிக்க வைத்திருப்பேன். கடைசியில் ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள்.

மாசி மாசத்து அந்த வெள்ளிக்கிழமையும் வாசலில் நாலு பேர்தான் முதலில் தெரிந்தார்கள், உள்ளே போனால் இருபது பேர். எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள், நானும் விட்டேன். வீடு மெழுகித் துடைத்துச் சுத்தமாக இருந்தது, நடுவில் மர நாற்காலி, அதில் மஞ்சள் துணி, துணி மேல் ரேணுகா. முகம் முழுக்க மஞ்சள், நெற்றியில் காசளவு குங்குமம், முடி ஒரே பாளம். கண் எங்கேயோ இருந்தது. வரிசையில் ஒவ்வொருவராகக் குனிய அவள் கட்டைவிரலால் திருநீறு வைத்துக்கொண்டிருந்தாள், யாரோ கையைப் பிடித்துத் தட்டில் வைத்துவிடுவார்கள், அவள் தொட்டு வைப்பாள். நான் போய் அந்த நாற்காலியை உதைத்துத் தள்ளியிருக்க வேண்டும். எழுந்திருடி என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு கிழவர், பின்னால் ஒரு கர்ப்பிணி. முதலில், கூட்டத்தில் எதற்கு வம்பு என்றுதான் நின்றேன், அப்புறம் எனக்கும் முறை வந்தது, குனிந்தேன், கண்ணை மூடினேன், வேண்டிக்கொண்டேன். அப்போது எனக்கு ஒரு வரன் பேச்சில் இருந்தது. பழனியில் எலெக்ட்ரிகல் கடை, மனைவி இறந்தவர், நல்ல மனுஷன், ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். அது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் தங்கையின் சீக்கிடம், என் தங்கையின் அழுக்கிடம், நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய மாத்திரை இல்லாமல் இறுகிப்போன முடியிடம், எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று கேட்டேன். கட்டைவிரல் நெற்றியில் பட்டது, சூடாக இருந்தது, நகம் வளர்ந்து கீறியது. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன். நெற்றியைத் துடைக்கவில்லை, ஊர் வந்து சேரும்வரை அப்படியே விட்டிருந்தேன். வைகாசியில் அந்த வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் டாக்டரிடம் விசாரித்தேன், டோக்கன் கேட்டேன், பொய்யை யோசித்தேன். இங்கேதான் எனக்குச் சிக்குகிறது, எந்தப் பக்கம் இழுத்தாலும் இங்கேயே வந்து நிற்கிறது. அந்த வரன் முடிந்திருந்தால் நான் இவளைக் கூட்டி வந்திருப்பேனா? பழனியில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் தங்கச்சிக்குச் சாமி வரும், அவள் விபூதி வைத்துத்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணை என்னால் பார்க்க முடிகிறது, புதுத்தாலி, சந்தோஷமாக இருக்கிறாள்.

செல்லப்பாண்டி ஒரு மணிக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. வெல்டிங் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் கையில் கரி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பெண்டாட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பழக்கமாகியிருக்கும். பிறகு நிமிர்ந்து பார்த்தான். பாதித் தலை சுருள் சுருளாகத் தோளில் விழுந்திருக்கிறது, பாதி இன்னும் பாளம். "என்ன மதினி பண்ணிட்டீங்க" என்றான், சத்தமே வரவில்லை. "சிக்கெடுக்குறேன்" என்றேன். "சாமி குத்தமாயிரும்." "ஆச்சுன்னா என் மேல ஆகட்டும்." அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா சத்தம் போடுறாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்கு கரூர்லருந்து ஆளுக வருதுக. நான் என்னன்னு சொல்றது." நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் ரேணுகா, "பாப்பாவைக் கூட்டிட்டு வரலையா" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்த பார்வையில், அவள் பேசி அவன் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று தெரிந்தது. "அம்மா குடுக்கல. நீ வா, வந்தா அங்க பாப்பாவப் பாக்கலாம்" என்றான். நான்தான் வாயைத் திறந்தேன், "பெத்த தாய்கிட்ட பிள்ளையைக் குடுக்கமாட்டேன்னா என்ன நியாயம், போலீஸுக்குப் போவேன்" என்று. அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "மதினி, உங்ககிட்ட சொல்லல. தை மாசம் ஒரு நாள் விடியக்காலம், பிள்ளையத் தூக்கிட்டுத் தண்ணித் தொட்டிகிட்ட போய் நின்னுட்டிருந்தா. தொட்டிக்கு மேல ஏந்திப் பிடிச்சிட்டு. அம்மாதான் பாத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்களும் பாத்துட்டாங்க. அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையப் பிடுங்கிட்டு, இவ கால்ல விழுந்து, ஆத்தா வந்துட்டா, பிள்ளைக்குத் தீர்த்தம் காட்ட வந்துட்டான்னு கத்துச்சு. எல்லாரும் விழுந்தாங்க. நானும் விழுந்தேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல." என் கையில் வால் சீப்பு இருந்தது, அதன் முனை என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. ரேணுகா அசையவில்லை. எனக்கு எதிரில் அவள் முகம் இல்லை, பிடரிதான் இருந்தது, நல்லவேளை. நான் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறேன், மார்கழியில் போனபோது அதில் தண்ணி மொண்டுதான் கால் கழுவினேன். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், இவளை இவர்களோடே அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

"மொட்டை போடலாம்னு சொன்னாங்க" என்று ரேணுகா அவனிடம் சொன்னாள், நிதானமாக, கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல. "நான்தான் வேண்டாம்னேன். மொட்டையாப் போனா பாப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியாது." செல்லப்பாண்டி கரிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், முகமெல்லாம் கரியாயிற்று. குழந்தை கண் தெளிந்து பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து பார்த்ததெல்லாம் பாளத்தைத்தான், குங்குமத்தைத்தான். இந்தச் சுருளை அது பார்த்ததே இல்லை. நான் ஒவ்வொரு முடியாகப் பிரித்து முடிக்கும்போது, குழந்தைக்குத் தெரிந்த அந்த முகத்தைத்தான் கலைத்து முடித்திருப்பேன். மொட்டை போட்டாலும் அடையாளம் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

அவன் எழுந்தான். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். "பத்து மணிக்கு டோக்கன்" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வருகிற கரூர் ஆட்களிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "இன்னும் பூஜை முடியலன்னு சொல்றேன்" என்றான். வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு படி இறங்கி, அப்புறம் கீழே போட்டு மாட்டிக்கொண்டு போனான். பார்லர் வாசலில் யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன். செம்பருத்தி விழுது காய்ந்துவிட்டது, தண்ணீர் விட்டுக் குழைத்தேன். இன்னும் வலது பக்கமும் பிடரியும் இருக்கிறது, வெளிச்சம் போவதற்குள் வலது பக்கமாவது முடிய வேண்டும்.

ஒரு கொத்தைப் பிரித்து முடித்திருப்பேன். "அக்கா" என்றாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் என்னைக் கூப்பிடுகிறாள். என்னடி என்றேன். "அன்னைக்கு நீ வந்தேல்ல. எல்லாரும் வாய்விட்டுக் கேட்டாங்க. ஒருத்தன் மாடு காணோம்னான், ஒருத்தி புருஷன் குடிக்கக் கூடாதுன்னா. நீ மட்டும் கண்ண மூடிட்டு மனசுக்குள்ளயே கேட்டுட்டுப் போய்ட்ட. என்ன கேட்ட?" கை நின்றுவிட்டது. கண் எங்கேயோ இருந்தது என்று நான் நினைத்திருந்தேன். நீ நல்லாகணும்னு கேட்டேன் என்று சொல்லலாம், நாக்கு நுனியில் வந்து நின்றது, நேற்று பேச்சியம்மாளிடம் சொன்ன பொய்யைவிட லேசான பொய். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"என் கல்யாணத்தை" என்றேன்.

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நடந்துச்சா?"

"இல்ல."

அவள் தலையை முன்னால் குனிந்து, கல்லாக இறுகியிருந்த பிடரியை எனக்குக் காட்டினாள். "இங்கதான் ரொம்ப வலிக்குது" என்றாள். "மெதுவா எடு."